கார்ட்டூன் தெருவில் கடை திறப்பது எப்படி

கற்பனைக் கம்பனிக்கு முதலில் பெயர் தேடாதீர்கள். பெயர் கடைசியில் வரட்டும்.

கார்ட்டூன் நகைச்சுவைத் தொடர் எழுதவென்று வரும் இளையவர்கள் பெரும்பாலும் ஒரு பெயர்ப் பட்டியலோடுதான் வருகிறார்கள். சந்தையில் உள்ள சோடாவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றியிருப்பார்கள். கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் பெயரைத் தலைகீழாக்கியிருப்பார்கள். வாசிக்கும்போது சிரிப்பு வரும். இரண்டாம் அத்தியாயத்தில் அதே பலகை மறுபடி வந்தால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பகிடி முழுவதும் பெயரிலேயே இருந்ததால் ஒரே தடவையில் தீர்ந்துபோகிறது. தொடர் முழுக்கக் கதை தரக்கூடிய கம்பனி வேண்டுமென்றால் அதை வேறு பக்கத்திலிருந்து கட்டிவர வேண்டும்.

நான் கொட்டாஞ்சேனையில் ஓர் அச்சகத்தில் வேலை பழகியவள். கலியாணக் கார்ட், சங்கக் கடிதத்தலைப்பு, றப்பர் முத்திரை, மிளகாய்த்தூள் லேபல், டியூட்டரி நோட்டீஸ் எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. இப்போது வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கார்ட்டூன்களுக்குத் தெருக்களும் கடைகளும் வரைகிறேன். ஒருவர் தன் பொருளைப் பற்றி ஊருக்கு என்ன சொல்ல ஆசைப்படுகிறார் என்று காதுகொடுத்துக் கேட்டு, அதைச் சின்னச் சதுரம் ஒன்றுக்குள் கொண்டுவருவதுதான் அன்றும் இன்றும் என் வேலை.

முதல் மூன்று கேள்விகள்

விற்பவர் யார்? அவர் கொடுக்கும் வாக்கு என்ன? போத்தலுக்குள் உண்மையில் இருப்பது என்ன? இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். வாக்குக்கும் உள்ளே இருப்பதற்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் கதை கிடக்கிறது.

அமெரிக்காவில் 1989 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ‘த சிம்ப்சன்ஸ்’ தொடரில் வரும் டஃப் பியரை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் பெரிதாக ஒன்றும் இல்லை. 1993இல் வந்த ஓர் அத்தியாயத்தில் தொடரின் நாயகன் ஹோமரும் அவன் நண்பன் பார்னியும் டஃப் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். டஃப், டஃப் லைட், டஃப் ட்ரை என்று மூன்று தாங்கிகள் நிற்கின்றன. மேலே பார்த்தால் மூன்றுக்கும் ஒரே குழாயிலிருந்துதான் பியர் இறங்குகிறது. அதைப் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. அந்தக் குழாயை வரைந்த நிமிடத்தில் டஃப் ஒரு கம்பனியாகிவிட்டது. அதன்பிறகு எந்தக் காட்சியின் மூலையில் டஃப் கான் தெரிந்தாலும் அந்த முதலாளிகளின் குணம் நமக்குத் தெரியும்.

சிம்ப்சன்ஸை உருவாக்கிய மாட் கிரேனிங்கே உருவாக்கி 1999இல் வந்த ‘ஃபியூச்சராமா’வில் ஸ்லர்ம் என்றொரு பச்சைப் பானம். அது ஒரு பெரிய புழுவின் உடலிலிருந்து சுரப்பது என்று நாயகன் ஃப்ரைக்குத் தெரியவருகிறது. தெரிந்தபிறகும் அவன் குடிப்பதை விடுவதில்லை. இதைக் கவனியுங்கள். விற்பவரின் பொய் மட்டும் இருந்தால் அது வெறும் குற்றச்சாட்டாகிவிடும். வாங்குபவரின் ஆசையும் சேர்ந்தால்தான் நகைச்சுவை. ஆகவே என் தாளில் நான்காவதாக ஒரு வரி எப்போதும் இருக்கும்: உண்மை தெரிந்தும் இதை ஏன் வாங்குகிறார்கள்?

நம் தெருவுக்கு வருவோம். நான் வரைந்துகொண்டிருக்கும் தெரு காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கை. அங்கே வெளிநாட்டுக்குப் பார்சல் போகும் மிளகாய்த்தூள் ஒன்று வேண்டும். விற்பவன் தொடர்மாடி ஏழாம் மாடியில் இருக்கும் ஒரு பொடியன். லேபலில் அவனுடைய குஞ்சியம்மாவின் படம். வாக்கு: “குஞ்சியம்மா தன் கையால் வறுத்து இடித்தது.” உள்ளே இருப்பது நல்ல தூள்தான், ஆனால் புறக்கோட்டையில் மொத்தமாக வாங்கியது. குஞ்சியம்மாவுக்கோ வயிற்றுப் புண். உறைப்பு வாயில் வைக்கக்கூடாதென்று டொக்டர் சொல்லியிருக்கிறார். டொரொண்டோவில் அதை வாங்குகிறவர்களுக்கும் உள்ளூர இது தெரியும். அவர்களுக்கு வேண்டியது அந்த முகம். இந்த நான்கு வரியிலிருந்து எத்தனை அத்தியாயம் எழுதலாம் என்று பாருங்கள். யாரோ விமானத்தில் வந்து குஞ்சியம்மாவைச் சமைக்கக் கேட்கலாம். போட்டிக் கம்பனி ஒன்று பெரியம்மா ஒருவரைத் தேடலாம்.

இன்னொரு வகை, ஒரே முகம் எல்லாவற்றிலும் ஒட்டுவது. சிம்ப்சன்ஸில் க்ரஸ்டி என்ற கோமாளி பர்கர் கடையிலிருந்து பிள்ளைகளின் விடுமுறை முகாம் வரை தன் முகத்தை விற்கிறான். கொழும்பில் அந்த இடத்தில் யாரை வைப்பது? எனக்குச் சந்தேகமே வரவில்லை: டியூட்டரி சேர். உயர்தரப் பரீட்சைக்கு வகுப்பெடுக்கும் சேர்மாரின் படங்கள் சுவரெல்லாம் இருக்கும் ஊர் இது. எங்கள் தெருவில் அவர் ‘மூன்று ஏ சேர்’. முதலில் வணிகக்கல்வி வகுப்பு, பிறகு அவர் முகம் போட்ட கொப்பி, பிறகு ஞாபகசக்திப் பாணி, கடைசியில் கலியாண மண்டபம். மண்டபத்தில் மாப்பிள்ளை, பெண் கதிரைகளுக்குப் பின்னாலும் அதே முகம், அதே சுட்டுவிரல்.

மதுபானத்தைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் உறுதியான யோசனை. புகையிலைக்கும் மதுசாரத்துக்கும் விளம்பரம் செய்வதை இங்கே 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. கற்பனைப் போத்தலென்றாலும் தொலைக்காட்சிக்குப் போகும்போது மங்கலாக்கிவிடுவார்கள். நீங்கள் இரவிரவாக வரைந்த லேபல் சாம்பல் புகையாகத் தெரியும்.

சங்கத்துக்கு முதலில் யாப்பு எழுதுங்கள்

கம்பனியைவிடச் சங்கம்தான் எனக்குப் பிடித்தது. அச்சகத்தில் இருந்த காலத்தில் சங்கக்காரர்கள் வந்தால் கடிதத்தலைப்பின் இடப்பக்க ஓரத்தில் பெயர்கள் எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்பதற்கே ஒரு பின்னேரம் போய்விடும். தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், எல்லாருக்கும் மேலே போஷகர். போஷகரின் பெயரை எத்தனை புள்ளி அளவில் போடுவது என்பதில் பேச்சு முற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நகைச்சுவைத் தொடருக்கு வேண்டிய பாத்திரங்கள் முழுவதும் அந்த ஓரத்தில் வரிசையாக நிற்கிறார்கள்.

ஆகவே சங்கம் உருவாக்க விரும்பினால் சின்னம் வரைய வேண்டாம். ஒரு பக்கத்தில் யாப்பு எழுதுங்கள். யார் சேரலாம், யார் சேர முடியாது, சேர்ந்தால் என்ன கிடைக்கும், எதற்காக நீக்குவார்கள். யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் சங்கத்தின் உயிர் இருக்கிறது. 1995இல் வந்த சிம்ப்சன்ஸ் அத்தியாயம் ஒன்றில் ஸ்டோன்கட்டர்ஸ் என்ற இரகசியச் சங்கம் வருகிறது. அதில் சேர, உறுப்பினர் ஒருவரின் மகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உறுப்பினர் ஒருவரின் உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஹோமர் எப்படியோ உள்ளே போய், பிறகு தலைவனாகவே ஆகிவிடுகிறான். தாங்க முடியாமல் மற்றவர்கள் எழுந்துபோய்ப் புதுச் சங்கம் தொடங்குகிறார்கள். அதன் ஒரே விதி, ஹோமர்களுக்கு இடமில்லை. ஆனால் உள்ளே வேறொரு ஹோமர் உட்கார்ந்திருக்கிறான். விதி ஒருவரை அனுமதிக்கிறதாம். ஒரு விதியும் ஒரு விலக்கும் போதும், சங்கம் எழுந்து நடக்கத் தொடங்கிவிடும்.

அந்த உறுப்பினர்களுக்குக் கிடைக்கும் சலுகைகளில் ஒன்று நல்ல இடத்தில் கார் நிறுத்துவது. வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருந்தவர்களுக்கு இதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தொடர்மாடி முகாமைத்துவக் குழுவை ஒரு கற்பனைச் சங்கமாக எழுதிப் பாருங்கள். லிஃப்ட் பழுதானால் முதலாம் மாடிக்காரர் காசு கட்ட வேண்டுமா? தண்ணீர்த் தாங்கியின் திறப்பு யாரிடம்? தரிப்பிடத்துக்குப் போடும் வெள்ளைக் கோட்டை இரவில் யார் நகர்த்தினார்? பெரிய உலக இரகசியம் ஒன்றும் தேவையில்லை.

ஊர்ச் சங்கத்தை எழுதும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். எங்கள் தொடரில் ‘பூவரசந்துறை நலன்புரிச் சங்கம், கொழும்புக் கிளை’ என்று ஒன்று இருக்கிறது. பூவரசந்துறை எந்த வரைபடத்திலும் இல்லை, நாங்கள் கட்டிய ஊர். அதன் யாப்பில் நான் எழுதிய வரி: “பூவரசந்துறையில் பிறந்தவரும் அங்கே பெண் எடுத்தவரும் உறுப்பினராகலாம்.” இந்த விதிப்படி, ஊரை ஒருநாளும் காணாத மருமகன் தலைவராகலாம். அங்கே வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகளைப் பெற்று, கோவில் வாசலைக் காலமெல்லாம் கூட்டிய மருமகளுக்குச் சந்தா கட்டவும் உரிமையில்லை. அவர் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கை உயர்த்துகிறார். எங்கள் முதல் பருவத்தின் பாதிக் கதை அந்தக் கையிலிருந்து பிறந்தது.

விதியைப் பார்த்துச் சிரிக்கலாம், கதிரைப் போட்டியைப் பார்த்துச் சிரிக்கலாம். சங்கம் ஏன் இருக்கிறது என்பதைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஊரை விட்டு வந்தவர்கள் பள்ளிக்கூடக் கூரைக்கும் கிணற்றுக்கும் காசு சேர்க்கிறார்கள். அந்த இடத்தில் கேலி நுழைந்தால் பார்ப்பவர் தொடரை நிறுத்திவிடுவார், நிறுத்துவதும் நியாயம்.

உடலில் அணிகிற ஒன்றையும் கொடுங்கள். 1960இல் தொடங்கிய ‘த ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ்’ தொடரில் ஃப்ரெட்டும் பார்னியும் நீரெருமைகளின் சங்கம் ஒன்றில் உறுப்பினர்கள், கொம்பு வைத்த உயரமான உரோமத் தொப்பி போடுவார்கள். தொப்பி தெரிந்தாலே சங்கம் தெரியும். நம் ஆட்களுக்குச் சட்டைப்பையில் குத்தும் நாடாக் குஞ்சம் போதும். தலைவருடையது எல்லாருடையதையும்விடப் பெரிதாக இருக்கட்டும். போஷகர் வந்ததும் அதைவிடப் பெரிதாக இன்னொன்று வரட்டும்.

லேபல்

பாணந்துறையிலிருந்து வரும் 100ஆம் இலக்க பஸ்ஸில் யன்னலோரம் உட்கார்ந்து புறக்கோட்டை வரை போய் வாருங்கள். வரைய வேண்டாம், பலகைகளை மட்டும் வாசியுங்கள். வெள்ளவத்தையில் தமிழ் எழுத்து பெரிதாகத் தெரியும், கொள்ளுப்பிட்டியில் ஆங்கிலம் முன்னுக்கு வந்துவிடும். எந்த மொழி மேலே, எது எந்த அளவில் என்பதிலிருந்தே கடைக்காரர் யாரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும். உங்கள் கார்ட்டூன் கடைகளிலும் அந்தத் தீர்மானம் ஒவ்வொரு பலகைக்கும் வேறாக இருக்க வேண்டும். எல்லாப் பலகையிலும் மும்மொழியையும் ஒரே அளவில் நிரப்பினால் அது அரச அலுவலகம் மாதிரி இருக்கும்.

பொதிகளில் இந்த ஊரின் அடையாளங்கள் சில உண்டு. சோடா வரைகிறீர்களா? 2016 ஆகஸ்டிலிருந்து இங்கே இனிப்புப் பானங்களில் சீனி அளவைக் காட்டும் நிறவட்டம் வந்தது. 100 மில்லிலீட்டருக்கு 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் கீழே என்றால் பச்சை, இடையில் உள்ளதற்கு மஞ்சள். அந்தச் சின்னச் சிவப்பு வட்டத்தைப் போட்டதும் உங்கள் போத்தல் கொழும்புப் போத்தலாகிவிடும். எங்கள் கதையில் சோடா முதலாளி அந்தச் சிவப்பு வட்டத்தைக் கம்பனிச் சின்னத்தின் பொட்டாக மாற்றிவிடுகிறார். அம்மன் படம், நெற்றியில் சீனி எச்சரிக்கை. இது நடந்த பிறகுதான் அந்தச் சோடாவுக்கு எங்களால் பெயர் வைக்க முடிந்தது.

உச்ச சில்லறை விலையை மறக்க வேண்டாம். உண்மையான தரச் சான்றுச் சின்னங்களை மட்டும் கற்பனைப் பொருளில் ஒட்டாதீர்கள். வேண்டுமானால் அதே இடத்தில் வேறொரு வடிவம் வையுங்கள். தொலைபேசி இலக்கத்தை ஒரு விரல் மறைப்பதுபோல் வரையுங்கள். யாரோ ஒருவரின் வீட்டில் நள்ளிரவில் மணி அடிக்கக்கூடாது.

பின்னணிப் பலகைகளில் தமிழை எழுத்துப் பிழையோடு எழுதிச் சிரிப்பு வரவழைப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் விருப்பமில்லை. பிழையான தமிழை நாம் வெளியில் போதுமான அளவு பார்க்கிறோம். அதே பிழையைத் திரையிலும் பார்க்கும் பிள்ளைக்கு எது சரி என்று சொல்ல ஒரு இடமாவது வேண்டும்.

விளம்பர வசனத்தைக் காதால் எழுதுங்கள். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. அந்த அறிவிப்பாளர்களின் தமிழ் கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கேட்கும், அவசரம் இருக்காது, பொருளின் பெயர் கடைசியில் இறங்கி வரும். மிளகாய்த்தூளைப் பற்றி அந்தக் கம்பீரத்தோடு சொல்லவைத்தால் போதும். வசனத்தில் பகிடி வைக்க வேண்டாம்.

இப்போது பெயர்

இவ்வளவும் ஆனபிறகு பெயர் தானாக வரும். அல்லது மிகக் குறைவான பெயர்களே பொருந்தும். சிம்ப்சன்ஸ் கதை நடக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் அணு மின்நிலையம் இருக்கிறது, அதனால் அந்த ஊர் பேஸ்பால் அணிக்கு ஐசோடோப்ஸ் என்று பெயர். ஊரிலிருந்து பிறந்த பெயர் எவ்வளவு பலமானது என்பதற்கு இதைச் சொல்வேன்: 2001இல் வந்த அத்தியாயத்தில் அந்த அணியை அல்புகெர்க்கிக்கு இரகசியமாகக் கொண்டுபோகத் திட்டமிடுகிறார்கள். 2003இல் அமெரிக்காவின் உண்மையான அல்புகெர்க்கி நகரில் உண்மையான ஓர் அணி அதே பெயரோடு விளையாடத் தொடங்கியது. 2007 ஜூலையில் சிம்ப்சன்ஸ் திரைப்படம் வந்தபோது 7-இலெவன் நிறுவனம் தன் கடைகளில் சிலவற்றைத் தொடரில் வரும் க்விக்-ஈ-மார்ட்டாகவே மாற்றி, பஸ் கோலாவையும் க்ரஸ்டி-ஓ தானியத்தையும் விற்றது. டஃப் பியரை மட்டும் விற்கவில்லை. பிள்ளைகளும் பார்க்கும் படமென்று தவிர்த்தார்கள்.

பெயரைத் தெரிவுசெய்ததும், அது வர்த்தகக் குறியாக ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கொழும்பு 10இல் சமாகம் மெதுர கட்டடத்தில் தேசிய புலமைச் சொத்து அலுவலகம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் குறிகளைப் பதிவது அங்கேதான். உலகப் பொது வகைப்பாட்டில் 45 வகுப்புகள், அவற்றில் 34 பொருட்களுக்கு, 11 சேவைகளுக்கு. உங்கள் கற்பனைப் பொருள் எந்த வகுப்புக்குள் வருமோ அதில் முதலில் தேடுங்கள். நெருங்கிய ஒலியுள்ள பெயர் கிடைத்தால் விட்டுவிடுங்கள், வாதாடாதீர்கள். மறுபக்கமும் உண்டு. அவுஸ்திரேலியாவில் மதுபானக் கம்பனிகள் டஃப் என்று பியரை வெளியிட்டபோது தொடரின் உரிமையாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1996இல் அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. நன்றாகக் கட்டிய கற்பனைக் கம்பனி ஒரு சொத்து. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடமுன், தொடரில் வரும் குறிகள் யாருக்குச் சொந்தம் என்ற வரியைத் தேடி வாசியுங்கள்.

ஊர்ப்பெயர், கோவில், பாடசாலை, சாதியைச் சுட்டும் சொல் எதுவும் உண்மையான ஒன்றோடு பொருந்தக்கூடாது. அகராதியும் வரைபடமும் போதாது. வடக்கிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் ஒவ்வொரு பெரியவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். “அது எங்கட பக்கத்து ஊர் எல்லோ” என்று ஒருவர் சொன்னால் பெயரை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் பதிந்துவையுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்: விற்பவர், வாக்கு, உள்ளே இருப்பது, நிறம், முதலில் வந்த அத்தியாயம், எந்தப் பாத்திரம் வாங்குகிறது, விலை. விலைக்கு நான்கைந்து வரி இடம் விடுங்கள். 2022இன் பொருளாதார நெருக்கடியைக் கடந்துவந்த ஊரில் தூள் பக்கெட்டின் விலை பருவத்துக்குப் பருவம் மாறாமல் இருந்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். பழைய விலையின்மேல் புது ஸ்டிக்கர், அது கொஞ்சம் சரிந்து, கீழே பழைய இலக்கத்தின் வால் தெரியும்படி. இதை அனிமேஷன் குழுவுக்கு வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள், படத்திலேயே வரைந்து கொடுங்கள். லேபலைக் கடைத் தட்டுக்கு ஒன்று, கையில் பிடிக்கும் காட்சிக்கு ஒன்று, பஸ்ஸின் பின்புற விளம்பரத்துக்கு ஒன்று என்று மூன்று அளவில் தனித்தனிக் கோப்பாக அனுப்புங்கள். சின்ன அளவில் எழுத்து வாசிக்கப்படாது, ஆகவே அதில் குஞ்சியம்மாவின் மூக்குத்தியை மட்டும் பெரிதாக்குங்கள்.